மினிக்காயா, பங்காரமா, குருசடையா? கலங்கரை விளக்கமும் பவளக்கடலும் ஒரே பகலில்

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரர்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. மேற்கே இறங்கினால் கொச்சி, அங்கிருந்து லட்சத்தீவு. கிழக்கே போனால் மதுரை, அதைத் தாண்டி மன்னார் வளைகுடா. இரண்டு பக்கமும் பவளப்பாறை உண்டு. ஆனால் பழைய கலங்கரை விளக்கத்தில் ஏறவும் வேண்டும், லகூனில் (பவளப்பாறைக்கும் கரைக்கும் நடுவிலுள்ள ஆழமில்லாத கடலில்) இறங்கிக் குளிக்கவும் வேண்டும், அதுவும் ஒரே பகலில் என்றால் என் ஓட்டு லட்சத்தீவின் மினிக்காய்க்குத்தான்.

அங்கே போகும் வழிதான் கொஞ்சம் பாடு. கொச்சியிலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீட்டர். 'சமுத்திரம்' என்னும் கப்பல் சுற்றுலாப் பேக்கேஜில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் என்று பகலுக்கு ஒரு தீவு. ராத்திரி தூக்கம் கப்பலில். லகூனுக்குள் கப்பல் வராது. கடல் சரியில்லையென்றால் கரையை நெருங்காமல் வெளியிலேயே நின்றுவிடும். கப்பலின் பக்கவாட்டுக் கதவைத் திறப்பார்கள். கீழே படகு ஓர் ஆள் உயரத்துக்கு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அது மேலே வரும் நேரம் பார்த்து, இரண்டு பேர் உங்கள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்வார்கள். இளவட்டங்களுக்கு இது ஜாலி. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஆகவே ஆகாது.

கரையில் கிடைப்பது ஒரு பகல், அதிலும் சாப்பாட்டு நேரம் போகும். அதனால் வரிசை முக்கியம். ஆங்கிலேயர் 1885இல் கட்டிய கலங்கரை விளக்கம் தீவின் தென்கோடியில், சுமார் 150 அடி உயரத்தில் நிற்கிறது. உள்ளே சுற்றிச் சுற்றி ஏறும் படிகள். இதை உச்சிவேளைக்கு முன்பே முடித்துவிடுங்கள். லகூன் தீவுக்கு மேற்கே இருப்பதால், சாயங்காலம் ஏறினால் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும், தண்ணீர் வெறும் பளபளப்பாகத்தான் தெரியும். சூரியன் நன்றாக மேலே ஏறிய முற்பகலில்தான் மணல் தரை வெளிர்பச்சையாகவும், பவளத் திட்டுகள் கருந்திட்டாகவும், அதற்கு வெளியே நுரைக்கோடும், அதையும் தாண்டி ஆழ்கடலின் கருநீலமும் தனித்தனியாகப் பிரிந்து தெரியும். குளியலை மதியத்துக்கு மேல் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு விஷயம்: மற்ற தீவுகளில் நம் பாலக்காட்டு மலையாளத்தை வைத்துச் சமாளித்துவிடலாம். மினிக்காயில் வீட்டு மொழி மஹல், மாலத்தீவு மொழியின் உறவுக்காரன். சூரை மீனை அவித்து, புகையிட்டு, காயவைத்த மாசி அங்கே பேர்போனது. ஊருக்கு வாங்கி வந்தால் தேங்காய்ச் சம்மந்திக்கு (துவையலுக்கு) அருமை.

லட்சத்தீவின் இன்னொரு தீவான பங்காரத்துக்குக் கொச்சியிலிருந்து அகத்திக்குச் சிறிய விமானம், அங்கிருந்து படகு. கப்பல் ஆட்டம் இல்லை. லகூன் அழகில் மினிக்காய்க்குக் குறைந்ததில்லை, அமைதி அதிகம். லட்சத்தீவில் மதுவுக்கு அனுமதி உள்ள தீவும் இதுதான், சிலருக்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஆனால் காலையில் போய் மாலையில் திரும்ப நினைப்பது வீண், ராத்திரி தங்கத்தான் வேண்டும். மினிக்காய் போல ஏறிப் பார்க்கும் பழைய கோபுரமும் கிடையாது. பட்ஜெட் பெருத்த தேன்நிலவுக்காரர்கள் தாராளமாகப் போகலாம்.

எங்கே போவதானாலும் லட்சத்தீவுக்கு நுழைவு அனுமதி கட்டாயம். பேக்கேஜ் என்றால் அந்த வேலையை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அக்டோபர் முதல் மே பாதி வரைதான் சீசன், பருவமழையில் கடல் விடாது.

மன்னார் வளைகுடாவில் உள்ள குருசடைத் தீவு இந்த மூன்றில் ஏழைப்பங்காளன். அமிர்தா எக்ஸ்பிரஸில் மதுரை, அங்கிருந்து பாம்பன், பிறகு குந்துகாலில் வனத்துறைப் படகு. 1897இல் விவேகானந்தர் கரையிறங்கிய அதே குந்துகால்தான். அனுமதிக் கடிதம், கப்பல் டிக்கெட் என்று எந்தத் தலைவலியும் இல்லை. ஆனால் லட்சத்தீவின் தெளிந்த லகூனை இங்கே எதிர்பார்க்காதீர்கள். காற்று அடித்தால் தண்ணீர் கலங்கிவிடும். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வருஷக்கணக்காக வெட்டி எடுத்ததில் இரண்டு தீவுகள் மூழ்கியே போயின. மிச்சம் இருப்பதைக் காக்கத்தான் 1986இல் 21 தீவுகளைச் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். தீவில் சில கட்டுப்பாடுகள் இருப்பதும் அதனால்தான். பாம்பன் கலங்கரை விளக்கத்தைப் பாலத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். அம்மா அப்பாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன், அப்படியே ராமேஸ்வரம் கோயிலும் ஆயிற்று.