இடைவேளையா, இன்டர்வலா?

கொழும்பு வெள்ளவத்தையில் பள்ளிக்கூட மணி அடித்ததும் பிள்ளைகள் "இன்டர்வல் விட்டாச்சு" என்றுதான் ஓடுவார்கள். அந்தச் சொல்லின் மூலம் லத்தீன்: 'இன்டர்' இடையே, 'வல்லும்' கோட்டை அரண். இரண்டு அரண்களுக்கு நடுவே கிடந்த நிலம்தான் முதற்பொருள். நேரம் என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

தமிழில் நேரத்துக்கென்றே தனிச்சொல் உண்டு. இடைவெளி இடத்துக்கும் வரும், காலத்துக்கும் வரும்; இடைவேளை நேரத்துக்கு மட்டும். 'மூன்று வேளைச் சாப்பாடு' என்கிறோமே, அதே வேளைதான். இடை என்றால் இடுப்பும்கூட, உடம்பின் நடு! எவ்வளவு அழகான கட்டுமானம்.

பேச்சுக்கு இன்டர்வல் சுளுவு, மறுக்கவில்லை. எனக்கு இடைவேளைதான் பிடிக்கும். மகளுக்கு இந்த 'வேளை'யைப் பிரித்துச் சொன்னேன். இப்போது சாப்பாட்டுப் பெட்டி கட்டும்போது, "இடைவேளைக்கு உளுந்து வடை வையுங்கோ அம்மா" என்கிறாள்.