பயறு விதைக்குச் செம்மண்ணா, டயட்டம் மண்ணா?

இரண்டாம் போக நெல்லான கும்பப்பூ அறுத்த வயலில் எடுக்கிற சிறுபயறை அடுத்த மாசி வரை வண்டு துளைக்காமல் விதைக்கென்று காப்பாற்ற வேண்டும். தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு ஐப்பசி மழைதான் பெருமழை. குமரி மாவட்டத்தில் அதற்கு முன்னால் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு. அம்மா பயறைச் செம்மண் குழம்பில் புரட்டித்தான் வைப்பாள். நான் டயட்டம் மண் என்கிற தூளுக்கு மாறி இரண்டு வருடம் ஆகிறது.

தானியத்தில் பூச்சி கொல்ல வைக்கிற அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை முதலிலேயே விலக்கிவிடுகிறேன். ஈரக்காற்று பட்டால் அது விடும் பாஸ்பீன் வாயு ஆளையும் கொல்லும், முறிமருந்து கிடையாது.

செம்மண்ணுக்குக் காசு செலவில்லை. குழம்பில் புரட்டிக் காயவைத்த பயறில் வண்டு முட்டையிடத் திணறும். ஆனால் காய்ந்த விதையை நாமே நனைக்கிறோம். திரும்பக் காய நல்ல வெயில் வேண்டும். வைகாசியில் மத்தியானம் வெயில் கொளுத்தும், சாயங்காலம் மலைப்பக்கம் இடி முழங்கும். ஒரு வருடம் அரைகுறையாகக் காய்ந்ததை அள்ளி வைத்து, பூசணம் பிடித்து விதை முழுக்கப் போனது.

டயட்டம் மண்ணில் அந்தப் பயமில்லை, அது உலர்ந்த தூள். டயட்டம் என்ற நுண்பாசியின் சிலிக்கா ஓடுகள் நீரடியில் படிந்து உண்டானது, ஓடெல்லாம் துளை. பீரையும் சர்க்கரைப் பாகையும் ஆலைகள் அதில்தான் வடிகட்டுகின்றன. 1867-இல் ஆல்பிரட் நோபல் நைட்ரோகிளிசரினை அதில் ஊறவைத்து டைனமைட் செய்தார். அந்த உறிஞ்சும் குணமே வண்டின் மேல்தோல் மெழுகை இழுத்துவிடுகிறது. உடம்பு நீர் வற்றி வண்டு சாகிறது. கிலோ பயறுக்கு 1 அல்லது 2 கிராம் போடுகிறேன்.

ஈரம் ஏறினால் மட்டும் இந்தத் தூள் வெறும் புழுதி. முதல் வருடம் சாக்கில் கட்டி வைத்தேன். ஆடியில் அவிழ்த்தால் பயறெல்லாம் ஓட்டை. இரண்டாம் வருடம் கடித்தால் டக்கென்று ஒடியும்வரை காயவைத்து, தகர டின்னில் போட்டு, மூடியைச் சுற்றி மெழுகு வைத்தேன். மாசியில் திறந்தபோது அடியில் செத்த வண்டு கொஞ்சம் கிடந்தது, பயறு முளைத்தது. விதைக்குள் ஏற்கெனவே இருக்கும் புழுவைத் தூள் தொடாது. அது வண்டாகி வெளியே வரும்போதுதான் மாட்டும். அதனால் சில பயறு ஓட்டையாவதைத் தடுக்க முடியாது.

விற்கிற பயறுக்கு இது வேண்டாம். தூள் பட்ட தானியம் வழுக்கி ஓடாது, அதே படிக்கு எடை குறையும், வியாபாரி விலையைக் குறைப்பார்.

வாங்கும்போது நீச்சல்குள வடிகட்டிக்கான தூளைத் தந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது கடுஞ்சூட்டில் சுட்டது. அதில் உண்டாகும் படிக சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும். சுடாத, உணவுத் தரத் தூளைத்தான் கேட்க வேண்டும். அதைக் கலக்கும்போதும் மூக்கில் துணி கட்டுங்கள்.

நெல்விதையில் ஒரே ஒரு கன்னிப்பூவுக்குத்தான், அதாவது ஒரு முதல் போகத்துக்குத்தான், போட்டுப் பார்த்தேன், அதை வைத்து உறுதியாகச் சொல்ல மாட்டேன். நெல் கொட்டி வைக்கும் எங்கள் மரப் பத்தாயத்தின் பலகை இடுக்கில் காற்று புகும். அங்கே இன்னும் அம்மாவின் நொச்சியிலைதான்.