‘நேட்டிவ் ஹேசல்நட்’ வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆன்லைன் நர்சரி ஒன்றில் ‘நேட்டிவ் ஹேசல்நட்’, அதாவது இந்த மண்ணுக்கே உரிய ஹேசல் கொட்டைச் செடி, என்று போட்டிருந்ததை வாங்கி வேலியோரம் நட்டோம். வந்தது நாட்டுச் செடியே இல்லை, ஐரோப்பிய இனம். அது தெரிய வருவதற்குள் செடிகள் தலைக்கு மேல் வளர்ந்து, நோயும் பிடித்துவிட்டது.

இந்த மண்ணுக்குரியது கோரிலஸ் அமெரிக்கானா. 8 முதல் 12 அடி வரை வளரும் புதர். கொட்டை சின்னது, ஓடு தடிமன். கடைகளில் கிடைக்கும் பெரிய கொட்டை கோரிலஸ் அவெல்லானா என்கிற ஐரோப்பிய இனத்தினுடையது. இளம் செடியின் இலையை வைத்து இரண்டையும் பிரித்துச் சொல்வது பழகியவர்களுக்கே கஷ்டம். காய்த்தால் தெரிந்துவிடும். நாட்டு இனத்தில், ஓரம் கிழிந்த இலை மாதிரி ஓர் உறை காயை முழுசாக மூடி அதையும் தாண்டி நீண்டிருக்கும். எங்கள் செடியில் முதலில் காய்த்த சில காய்களில் உறை குட்டை, கொட்டையின் தலை வெளியே தெரிந்தது.

அதே கோடையில் ஒரு கிளையில் மட்டும் இலைகள் வாடிப் பழுப்பாகி, உதிராமல் அப்படியே நின்றன. கிளையைத் திருப்பிப் பார்த்தால், பட்டையைப் பிளந்துகொண்டு நீள்வட்டமான கரிய மேடுகள், கோடு போட்டது போல வரிசையாக. விரலால் தடவினால் ஒவ்வொன்றும் தட்டுப்பட்டது. விவசாய, தோட்ட ஆலோசனை தரும் கவுண்டி எக்ஸ்டென்ஷன் அலுவலகத்துக்குக் கிளையையும் காயையும் எடுத்துப் போனோம். நோய், ஹேசலைத் தாக்கும் ஈஸ்டர்ன் ஃபில்பர்ட் பிளைட் என்கிற பூஞ்சை நோய், செடி ஐரோப்பிய இனம் என்றார்கள்.

இந்தப் பூஞ்சை இங்கேயே உள்ளது. நாட்டு ஹேசல் அதோடு காலங்காலமாக வாழ்ந்து பழகியது. தொற்றினாலும் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். சாதாரண ஐரோப்பியச் செடிக்கு அந்தத் தெம்பு கிடையாது, கிளை கிளையாகக் காய்ந்து சில வருடங்களில் செத்துப்போகும். நாட்டுச் செடிதான் வேண்டும் என்று தேடி வாங்கியதே இதற்காகத்தான்.

விற்றவர்களுக்குப் படங்களோடு எழுதினோம். ‘ஒரு வருட உத்தரவாதம் முடிந்துவிட்டது’ என்று பதில் வந்தது. வசந்த காலத்து ஈரத்தில் தொற்றும் இந்த நோய் வெளியே தெரியவே ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். காய்ப்பதற்கோ மூன்று, நான்கு வருடம். ஆக, ஏமாற்றியது அந்த ஒரு வருடத்துக்குள் வெளிவர வழியே இல்லை. செத்த செடிக்குத்தானே உத்தரவாதம், வேறு இனத்தைக் கொடுத்ததற்கு என்ன பதில் என்று மறுபடி கேட்டோம். அடுத்த ஆர்டருக்குத் தள்ளுபடி கூப்பன் அனுப்பினார்கள். பணம் வரவில்லை. அதே படம், அதே பெயரோடு விற்பனை இன்னும் நடக்கிறது.

அந்த விற்பனைப் பக்கத்தில் இன்னொரு பொய்யும் இருக்கிறது: ‘ஒரு செடி போதும், தானே காய்க்கும்.’ காய்க்காது. இலை துளிர்க்கும் முன்பே ஆண் பூக்கள் சரம் சரமாகத் தொங்கும். பெண் பூ என்பது மொட்டு நுனியில் எட்டிப் பார்க்கும் சில சிவப்பு இழைகள்தான். மகரந்தத்தைக் காற்று கொண்டு சேர்த்தாலும், தன் செடியின் மகரந்தத்தை அது ஏற்காது. ஒரே தாய்ச்செடியிலிருந்து பதியன் போட்ட இரண்டை வைத்தாலும் அதே கதைதான். விதையிலிருந்து வந்த வெவ்வேறு செடிகளாகக் குறைந்தது இரண்டு வேண்டும்.

அதனால், பணம் கட்டும் முன் தாவரவியல் பெயரை எழுத்தில் கேளுங்கள். விதை எந்த மாநிலத்தில் சேகரித்தது, விதைச்செடியா பதியனா என்றும் கேளுங்கள். நாட்டுச் செடிகளையே தொழிலாக வளர்ப்பவர்கள் இதற்கு உடனே பதில் சொல்வார்கள். ‘ஹேசல்நட் எல்லாம் ஒன்றுதான்’ என்று மழுப்பினால் விட்டுவிடுங்கள். கலப்பினமோ, நோயைத் தாங்கும்படி உருவாக்கிய ரகமோ வாங்குவது தப்பே இல்லை. ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் 2020-ல் வெளியிட்ட ராரிட்டன், மான்மவுத் மாதிரி நோயைத் தாங்கும் ரகங்களும் உண்டு. ஆனால் அதை அதன் பெயரிலேயே விற்க வேண்டும்.

ஏற்கெனவே இப்படி வாங்கி நட்டிருந்தால், குளிர்காலத்தில் இலை இல்லாதபோது ஒவ்வொரு கிளையாகப் பாருங்கள். கரிய மேடு தெரிந்தால் அதற்கு இரண்டு மூன்று அடி கீழே வெட்டி, மொட்டு விரியும் முன் எரித்துவிடுங்கள். விளம்பரப் பக்கத்தையும் ரசீதையும் இன்றைக்கே படமெடுத்து வையுங்கள். புகார் கொடுக்கும்போது அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.