பாகு பதம் பார்க்கிறவன் வாங்கிய பல் கூச்ச பேஸ்ட்

மருந்துக்கடையில் "பல் கூச்சத்துக்கு" என்று கேட்டால் எடுத்துத் தருவார்களே, அந்த வகை பேஸ்ட் பற்றித்தான் எழுதுகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். டியூபின் பின்பக்கம் 'பொட்டாசியம் நைட்ரேட் 5 சதவீதம்' என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அப்படிப் போட்ட எதற்கும் ஏறக்குறைய இதே கதைதான். எனக்குக் கேட்டது. எங்கள் பட்டறையில் பாக்கெட் போடுகிற அக்காவுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கோவில்பட்டியில் கடலை மிட்டாய் பட்டறை எனக்கு. வெல்லப் பாகு பதத்துக்கு வந்துவிட்டதா என்று பார்க்க, கரண்டியிலிருந்து ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, இறுகியதும் எடுத்து உடைப்போம். 'டக்'கென்று உடைந்தால் அடுப்பை விட்டு இறக்கலாம், வளைந்தால் இன்னும் கொதிக்க வேண்டும். விரலால் உடைத்தாலே தெரிந்துவிடும்தான். இருந்தாலும் கடித்துப் பார்த்தால்தான் எனக்குத் திருப்தி, பல்லில் ஒட்டுகிற பாகில் போட்ட மிட்டாய் பாக்கெட்டிலும் ஒட்டும். இப்படிக் கடிக்கிற பாகு இடது பக்கம் மேலே, கோரைப்பல்லுக்கு அடுத்த பல்லில் பட்டால் போதும், சுரீரென்று கண்ணோரம் வரை இழுக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொப்பளித்தால் அந்த நிமிஷமே போய்விடும். ஜில்லென்ற தண்ணீர் என்றால் இன்னொரு சுரீர்.

சொத்தைதான் என்று முடிவு கட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மா குச்சியால் தட்டிப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார், கடைசியில் அந்தப் பல்லில் மட்டும் காற்றைப் பீய்ச்சினார். நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "சொத்தை இல்லை அண்ணாச்சி, ஈறு இறங்கி வேர் வெளியே தெரியுது" என்று கண்ணாடியைக் கையில் கொடுத்துக் காட்டினார். பல்லின் வெள்ளை முடிகிற இடத்தில், ஈறோரமாக மஞ்சளாக ஒரு பட்டை. எனாமல் என்கிற கடினமான மேல்தோல் அந்த இடத்தில் கிடையாதாம். உள்ளே இருக்கிற டென்டின் அப்படியே வெளியே நிற்கிறது.

அந்த டென்டின் முழுக்க நுண்ணிய குழாய்கள். ஒரு சதுர மில்லிமீட்டரில் பல்லாயிரம் இருக்கும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் திரவம், உள்முனையில் நரம்பு. மாங்காய்த் துண்டில் உப்பைப் போட்டு வைத்தால் தண்ணீர் விடுகிறதே, அதே வேலையைத்தான் கெட்டியான பாகு இங்கே செய்கிறது. குழாயில் இருக்கிற திரவத்தை வெளியே இழுக்கிறது, அது நகர்கிற நகர்வு நரம்பைச் சுண்டுகிறது. குளிர்ச்சியும் காற்றும் அதே திரவத்தைத்தான் அசைக்கின்றன, அதனால்தான் வலியும் ஒரே மாதிரி இருக்கிறது. 1960களில் ஸ்வீடனைச் சேர்ந்த பிரென்ஸ்ட்ரோம் என்ற பல் ஆராய்ச்சியாளர் சோதனை செய்து நிலைநாட்டிய விளக்கம் இது. இன்றைக்கும் பல் மருத்துவத்தில் இதைத்தான் சொல்கிறார்கள்.

இனி பேஸ்டுக்கு வருகிறேன். விலை சாதாரண பேஸ்டைப் போல இரண்டு மூன்று மடங்கு, டியூபோ சின்னது. நுரை கம்மி. புதினா வாசனைக்கு அடியில் லேசான உப்புக் கசப்பு ஒன்று இருக்கிறது, முதலில் பிடிக்கவில்லை, பிறகு பழகிவிட்டது. காலையும் இரவும் மெல்லிய நார் பிரஷில் தேய்த்து, துப்பிவிட்டு, நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காமல் விடச் சொன்னார்கள். வாய் நிறையக் கொப்பளித்தே பழகிய நமக்கு இதுதான் பெரிய தவம்.

முதல் சில நாள் ஒரு மாற்றமும் தெரியாது. அட்டையில் 'உடனடி நிவாரணம்' என்ற தோரணையில் அச்சடித்திருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். பொட்டாசியம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கி நரம்பை அமைதியாக்க இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். எனக்கு முதலில் அடங்கியது ஜில் தண்ணீர். பாகு கடைசியாகத்தான் வழிக்கு வந்தது. இப்போது கடித்தால் லேசாக ஒரு உணர்வு வரும், கண்ணைச் சுருக்க வேண்டியதில்லை. ஆர்ஜினின், ஸ்ட்ரான்ஷியம் என்று போட்ட பேஸ்டுகளும் உண்டு. அவை நரம்பைத் தொடாமல் குழாய் வாயை அடைக்கிற வகை. நான் வாங்கிப் பார்க்கவில்லை.

பாக்கெட் போடுகிற அக்காவும் "இனிப்பு பட்டா வலிக்குது தம்பி" என்றுதான் சொன்னார், என்னுடையதைப் பார்த்து அதே பேஸ்டை வாங்கினார். ஆனால் அவருக்கு வலி ஒரே கடைவாய்ப்பல்லில். மிட்டாய்த் துணுக்கு இடுக்கில் மாட்டிக்கொள்ளும், வலியும் வந்தால் லேசில் போகாது, சில நாள் தூக்கத்தில் எழுப்பிவிடும். இரண்டு பல்லுக்கு நடுவில் வெளியே தெரியாமல் சொத்தை, அதுவும் ஆழமாகப் போய்விட்டது. வேர் சிகிச்சை செய்துதான் நின்றது. ஓட்டை விழுந்த பல்லுக்கு எந்த பேஸ்டும் மருந்தில்லை. வாங்குவதற்கு முன்னால் எந்த வகை வலி என்று ஒரு தடவை காட்டிவிடுங்கள், பேஸ்ட் காசு மிச்சம்.

என் சரக்கை நானே குறை சொல்லக் கூடாதுதான். எங்கள் ஊர்க் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் எனக்கும் பெருமை உண்டு. ஆனாலும் "வெல்லம்தானே, சர்க்கரை மாதிரி பல்லைக் கெடுக்காது" என்று கடையில் யாராவது சொன்னால் நான் தலையாட்டுவதில்லை. வெல்லமும் பெரும்பாலும் அதே சர்க்கரைதான், வாயில் இருக்கிற கிருமி வித்தியாசம் பார்க்காது. தின்று அமிலம் ஆக்கும். அமில அளவான பிஹெச் சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரைய ஆரம்பிக்கும், எச்சில் அதைச் சரிக்கட்ட அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். ஒரே இருப்பில் நாலு துண்டு சாப்பிடுகிறவரை விட, மணிக்கொரு துண்டு வாயில் போடுகிறவருக்குத்தான் பல் சீக்கிரம் போகும். ஒட்டுகிற பண்டம் என்றால் இன்னும் மோசம். இப்போது மிட்டாய்ப் பாக்கெட் வாங்குகிறவர்களிடம் சாப்பிட்டதும் தண்ணீர் குடிக்கச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரி சிரிக்கிறாள்.

வாங்கும்போது இன்னொன்றும் கவனியுங்கள். கூச்ச பேஸ்டுகளில் சிலவற்றில் ஃபுளோரைடு கிடையாது. இனிப்போடு புழங்குகிறவர்களுக்குச் சொத்தையைத் தடுக்க அது வேண்டும், அதனால் இரண்டும் சேர்ந்ததாகக் கேட்டு வாங்குங்கள். பன்னிரண்டு வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளுக்கு டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

நான்கு வாரத்துக்கு மேல் போட வேண்டுமானால் கேட்டுவிட்டுப் போடச் சொல்லி டியூபிலேயே எழுதியிருக்கிறது. நான் கேட்டுவிட்டுத்தான் தொடர்கிறேன். இறங்கிய ஈறு இதனால் ஏறப்போவதில்லை, நிறுத்தினால் கூச்சம் மெல்ல எட்டிப்பார்க்கும். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஒன்றை விலைக்காகக் குறைத்தேன்.