ஆறு ஓய்வுக்காலம், ஒரே எஸ்டீம்: குமரி மழையில் ஓர் ஆட்டோகிராஸ் வண்டி

2019 மார்ச் மாதம், மண் தடத்துக் கார் பந்தயமான ஆட்டோகிராஸ் ஓட்டுவதற்கென்றே 2001-ஆம் ஆண்டு மாடல் மாருதி எஸ்டீம் கார் ஒன்றை வாங்கினேன். அதன் 1298 சிசி, 16 வால்வு என்ஜின் 85 குதிரைத்திறன் தருவது. வண்டியின் எடை குறைவு. எஸ்டீம் தயாரிப்பு 2007-உடன் நின்றுவிட்டாலும், அதே குடும்பத்து என்ஜின் ஜிப்ஸியிலும் இருந்ததால் என்ஜின் உதிரிபாகங்களுக்கு அலைய வேண்டியதில்லை. இந்த மூன்று காரணங்களும் இன்றுவரை சரியாகவே இருந்திருக்கின்றன. ஆனால் வாங்கும்போது நான் எண்ணிப் பார்க்காத ஒன்று உண்டு. ஆண்டுக்கு நான்கைந்து நாள் கோவையிலோ கேரளத்திலோ மண் தடத்தில் நேரத்தோடு போட்டியிட்டு ஓடும் வண்டி, மற்ற நாளெல்லாம் குமரி மாவட்டத்துக் குலசேகரத்தில் எங்கள் வீட்டில்தான் நின்றாக வேண்டும். கடந்த ஆறு ஆண்டுகளில் இந்த வண்டிக்கு வந்த சேதத்தில் பெரும்பகுதி ஓடும்போது வந்ததில்லை, நிற்கும்போது வந்தது.

போட்டி இல்லாத ஓய்வுக்காலத்தில் வண்டிக்குச் செய்யும் வேலை என்று வெளிநாட்டார் சொல்லும் அறிவுரைகளில் பாதி, பனி உறையும் ஊர்களுக்கானவை. நமக்கு ஜூன் மாதம் இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை தொடங்குகிறது. அது ஓய்ந்து ஒரு மாதம் வெயில் காய்வதற்குள் ஐப்பசி மழை வந்துவிடுகிறது. தென்மேற்கு, வடகிழக்கு என்ற இரண்டு பருவமழையையும் நன்றாகப் பெறும் மாவட்டம் இது. எனவே நான் ஓட்டும் போட்டிகள் மே மாதத்தோடு முடிந்தபின் டிசம்பர் வரை உள்ள ஏழு மாதமும், குதிரைத்திறனைக் கூட்டுவதைப் பற்றி நினைப்பதற்கு முன் ஈரத்தைப் பற்றி நினைத்தாக வேண்டிய மாதங்கள் ஆகின்றன. இதை நான் கற்றுக்கொள்ள இரண்டு ஆண்டுகள் ஆயின.

முதல் ஆண்டு வண்டியை எங்கள் ரப்பர் தோட்டத்துப் புரையில் நிறுத்தினேன். ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷின் ஒரு பக்கம், ரப்பர் பால் உறைய வைக்கும் தட்டங்கள் மறுபக்கம், நடுவில் நல்ல ஓட்டுக்கூரையின் கீழ் வண்டி. ஒரு சொட்டு மழை மேலே விழாததால் பத்திரமாக இருக்கிறது என்றே நம்பியிருந்தேன். டிசம்பரில் சக்கரத்தைக் கழற்றியபோது பிரேக் டிஸ்க்கின் முகம் முழுவதும் துரு குழிகுழியாகத் தின்றிருந்தது. அதைவிட என்னை வருத்தியது எர்த் கம்பிகள். பேட்டரியில் இருந்து பாடிக்குச் செல்லும் செம்புக் கம்பியின் முனையை விரலால் தொட்டதும் பச்சை நிறத் தூளாக உதிர்ந்தது. உறையைக் கீறிப் பார்த்தபோது உள்ளே ஒரு சாண் நீளத்துக்கு அந்தப் பச்சை ஏறியிருந்தது. மார்த்தாண்டத்தில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன் புரைக்கு வந்து ஒரு நிமிடம் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தார். “மக்கா, ஆசிட் கேனுக்குப் பக்கத்துல கொண்டு வண்டிய விட்டா, தகடு வேற என்ன செய்யும்?” என்றார். பாலை உறைய வைக்க நாங்கள் ஊற்றுவது ஃபார்மிக் ஆசிட். அதன் ஆவி ஈரக்காற்றோடு சேர்ந்தால் இரும்பையும் அரிக்கும், செம்பையும் அரிக்கும். தலைமுறையாக ரப்பர் எடுக்கும் வீட்டில் பிறந்தும், தட்டங்களுக்கு அருகே உள்ள ஆணிகள் மட்டும் ஏன் சீக்கிரம் இற்றுப்போகின்றன என்று அதுவரை நான் கேட்டதில்லை. நம் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் தோட்டத்துப் புரையில் வண்டி நிறுத்துவோர் பலர் இருப்பதால் இதை முதலில் சொல்கிறேன். ஆசிட் இருக்கும் இடத்தில் எந்த வண்டியையும் ஒரு வாரத்துக்கு மேல் விட வேண்டாம்.

இரண்டாம் ஆண்டு நான் தேர்ந்தெடுத்த இடமன்று. 2020 மார்ச்சில் வண்டி குளச்சலில் அத்தை வீட்டு முற்றத்தில் நின்றிருந்தபோது ஊரடங்கு வந்தது. செப்டம்பர் வரை அங்கேயே நின்றது. கடலில் இருந்து அரைக் கிலோமீட்டர் தூரம்தான். மழை நனைக்காமல் இருக்கட்டும் என்று அத்தை அன்போடு தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். உப்புக்காற்று அடியில் நுழைந்தது. பகல் வெயிலில் எழுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் இரவில் தகட்டின் மேலேயே வியர்த்து நின்றது. பெயின்ட் அடித்த இடம் தப்பியது. பெயின்ட் இல்லாத நட்டு, போல்ட், ஹேண்ட்பிரேக் கேபிள், சீட்டின் தண்டவாளம் எல்லாம் செந்நிறம் ஆயின. கடற்கரை ஊர்களில் இருப்போருக்கு என் அனுபவம் சொல்வது இதுதான்: தார்ப்பாயைவிடத் திறந்த கொட்டகை மேல். மூடியே ஆக வேண்டுமென்றால் காற்று புகும் துணி உறை போதும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் அடிப்பகுதியைக் கழுவுவது அதைவிட முக்கியம்.

2021-இல் வீட்டின் கிழக்கே தனிக் கொட்டகை போட்டேன். தரையில் கனமான பிளாஸ்டிக் விரித்து அதன்மேல் கான்கிரீட் போட்டதால் மண்ணின் ஈரம் மேலே ஏறுவதில்லை. சுவர் இடுப்பளவு மட்டுமே, அதற்குமேல் கம்பிவலை. தகரக் கூரைக்கு அடியில் பழைய ஓலைத் தட்டியைக் கட்டியதால் விடியற்காலையில் கூரையிலிருந்து வியர்வை சொட்டுவது நின்றது. இந்த வண்டிக்காக நான் செய்த செலவுகளில் அதிகப் பலன் தந்தது இந்தக் கொட்டகைதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

போட்டிப் பருவம் முடிந்தவுடன் செய்யும் முதல் வேலை மண்ணை எடுப்பது. இதைக் கழுவுதல் என்று எண்ணுவோர் பாதி வேலையோடு நிறுத்திவிடுகிறார்கள். மண் தடத்தில் சக்கரம் வாரி அடிக்கும் சேறு, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற தகட்டுக்குள்ளும், சஸ்பென்ஷன் ஆர்மின் மடிப்புகளுக்குள்ளும் புகுந்து செங்கல் போல இறுகிவிடும். தண்ணீர் வெளியேற அந்தத் தகட்டின் அடியில் சிறு துளைகள் விட்டிருப்பார்கள். அவை அடைத்துவிட்டால் உள்ளே இருக்கும் மண் மழைக்காலம் முழுவதும் ஈரப் பஞ்சாகவே இருக்கும். நான் பயன்படுத்துவது தென்னை ஈர்க்கில். கம்பியை விட்டால் உள்பக்கத்துப் பெயின்ட் கீறும். ஈர்க்கில் வளையும், கீறாது. மூன்று ஈர்க்கிலைச் சேர்த்து நுழைத்துச் சுற்றிச் சுற்றி இழுத்து, பிறகு சிறு குழாயால் தண்ணீர் விட்டு, வெளிவரும் நீர் செந்நிறம் மாறித் தெளியும்வரை விட வேண்டும். சென்ற ஆண்டு இடப்பக்கத்துப் பெட்டியில் இருந்து மட்டும் ஒரு சிறிய தேங்காய்ச் சிரட்டை நிறைய மண் வந்தது. கழுவியபின் இரண்டு நாள் வெயில். வெயில் இல்லையென்றால் ஊதுகுழல் விசிறி.

அடிப்பகுதிப் பூச்சுகளில் மூன்றைச் சோதித்திருக்கிறேன். நம் ஊர் ஜீப்புகளுக்குப் பூசுவது போலப் பழைய என்ஜின் ஆயிலைப் பூசியது முதல் சோதனை. துருவைத் தடுத்தது உண்மை. ஆனால் சஸ்பென்ஷன் இணைப்புகளில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ்களை ஊறவைத்து வீங்கச் செய்தது, அடுத்த போட்டியில் மண்ணை அப்பிக்கொண்டது. இரண்டாவது, தார் போன்ற கறுப்பு அண்டர்பாடி கோட்டிங். பார்க்க அழகாக இருந்தது. கல் தெறித்த இடங்களில் அது விண்டுபோய், விண்ட இடத்து வழியாக நீர் அதன் அடியில் பரவி, வெளியே தெரியாமலே துரு வளர்ந்தது. சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்கு அது பொருந்தலாம். கல் தெறிக்கும் வண்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். மூன்றாவதாக வந்து நிலைத்தது மெழுகுப் பூச்சு. துரு கண்ட இடத்தைத் தேய்த்து, பாஸ்பாரிக் அமிலம் உள்ள துருமாற்றியைத் தடவி, கழுவிக் காயவைத்து, துத்தநாக பிரைமர் அடித்து, அதன்மேல் மெழுகு. பெட்டித் தகடுகளுக்கு உள்ளே நீண்ட குழல் வழியாகவும் அதே மெழுகு. ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டியது அதன் குறை. எங்கே உரிந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிவது அதன் நிறை. டபிள்யூடி-40 ஸ்பிரே ஈரத்தை விரட்டுவதற்கு நல்லது, பெயரில் உள்ள டபிள்யூடி (Water Displacement) அதைத்தான் சொல்கிறது. ஏழு மாதம் காக்கும் பூச்சாக அதை நம்பக் கூடாது.

இப்படி ஒவ்வோர் அங்குலமாகத் தேய்த்ததால்தான் 2022-இல் முன்பக்கத்து ஸ்ட்ரட் டவரில், அதாவது சஸ்பென்ஷனின் மேல்முனை பாடியோடு சேரும் இடத்தில், முடி அளவு விரிசல் ஒன்று கண்ணில் பட்டது. பெயின்டின் மேல் மெல்லிய பழுப்புக் கோடு. நகத்தை ஓட்டினால் மட்டும் உணர முடிந்தது. அதன் இரு முனைகளிலும் சிறு துளையிட்டு விரிசல் நீளாமல் நிறுத்தி, பேட்டரியையும் என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவையும் கழற்றிவைத்துவிட்டு, சிஓ2 வெல்டிங்கில் மூடி, மேலே ஒரு தகடு ஒட்டினோம். அது தெரியாமல் இன்னொரு பருவம் மேடு பள்ளத்தில் குதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

புஷ்களைப் பற்றி என் கருத்து பலருடைய கருத்துக்கு மாறானது. பாலியூரித்தேன் புஷ் போட்டால் ஸ்டீயரிங் கூர்மையாகும் என்பது சரியே. தார்த்தளத்தில் அதை நானும் உணர்ந்தேன். ஆனால் மண் தடத்தில் நுண்மணல் அதன் உள் குழலுக்கும் புஷ்ஷுக்கும் இடையே நுழைந்து, ஒரே பருவத்தில் குழலைத் தேய்த்துவிட்டது. ரப்பர் புஷ்ஷோ உலோகத்தோடு ஒட்டியிருப்பதால், சுழலாமல் முறுகி மட்டும் கொடுக்கிறது. மணல் நுழைய இடமில்லை. ஆகவே கம்பெனி ரப்பர் புஷ்ஷுக்கே திரும்பினேன். இரண்டு பருவத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன்.

என்ஜினில் ஒரே ஒரு முறைதான் பெரிய வேலை வந்தது. 2023 ஜூனில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்த்தபோது மூன்று சிலிண்டர்களில் 175 psi-ஐ ஒட்டியும், நான்காவதில் 150-உம் காட்டியது. அந்தச் சிலிண்டரில் சிறிது ஆயில் விட்டு மீண்டும் பார்த்தபோது அளவு ஏறியதால், தேய்ந்தது வால்வு அல்ல, பிஸ்டன் ரிங் என்பது உறுதியானது. மற்ற மூன்றும் நன்றாக இருக்க நான்காவது மட்டும் ஏன் தேய வேண்டும் என்று தேடியபோது, என்ஜினுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் இன்டேக் மேனிஃபோல்டின் கேஸ்கெட் அந்தச் சிலிண்டரின் பக்கம் கசிந்தது தெரிந்தது. ஏர் ஃபில்ட்டர் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை; அதற்கு அப்பால் உள்ள கசிவின் வழியே தடத்தின் புழுதி நேராக உள்ளே போயிருக்கிறது. அன்றிலிருந்து ஃபில்ட்டரில் இருந்து சிலிண்டர் ஹெட் வரை உள்ள ஒவ்வோர் இணைப்பையும் ஒவ்வோர் ஓய்வுக்காலத்திலும் பிரித்துப் பார்க்கிறேன்.

பிரேக் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. டாட் 4 தரத் திரவம் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடும். குறுகிய ஓட்டங்களில் கொதிப்பைவிட நான் அஞ்சுவது, அந்த ஈரம் மழைக்காலம் முழுவதும் பின்சக்கர சிலிண்டருக்குள் இருந்து அதைக் குழியாக்குவதைத்தான். முன்பெல்லாம் போட்டிக்கு முன்பு டிசம்பரில் மட்டும் திரவம் மாற்றுவேன். இப்போது ஜூன் மாதமே ஒருமுறை மாற்றிவிட்டு வண்டியை நிறுத்துகிறேன். அதன்பின் சிலிண்டர் எதுவும் இறுகவில்லை.

பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் வந்தபின் டேங்கைப் பாதியில் விடுவதில்லை. எத்தனாலும் ஈரத்தை இழுக்கும். எனவே விளிம்புவரை நிரப்பி வைத்து, டிசம்பரில் அதை எடுத்துத் தோட்டத்து ஸ்கூட்டருக்கு ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்புகிறேன். பழைய பெட்ரோல் குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றியாயிற்று. ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைக்கும் பழக்கத்தை விட்டுவிட்டேன். சைலன்சரிலும் ஆயிலிலும் நீரைச் சேர்ப்பதைத் தவிர அதனால் பயனில்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை தோட்டத்துப் பாதையில் இருபது நிமிடம் சூடேற ஓட்டுகிறேன். பேட்டரி 12.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடுவதில்லை.

ஹெல்மெட்டையும் பெல்ட்டையும் வண்டிக்குள்ளேயே விட்டது என் தவறுகளில் ஒன்று. முதல் ஆண்டு ஹெல்மெட்டின் உள் பஞ்சில் பூஞ்சை படர்ந்து, அந்த வாடை எத்தனை முறை கழுவியும் போகவில்லை. இப்போது இரண்டும் வீட்டுக்குள், அலமாரியில், சிலிக்கா ஜெல் பைகளோடு இருக்கின்றன. பெல்ட்டின் காலாவதி ஆண்டு அதன் லேபிளிலேயே இருக்கும். அதைப் பார்க்காமல் பருவத்தைத் தொடங்குவதில்லை.

கடைசி வேலை, சக்கரங்கள் சரியான திசையில் நிற்கின்றனவா என்று பார்க்கும் அலைன்மென்ட். கொத்தனாரிடம் வாங்கிய நூலை வண்டியின் இருபுறமும் இணையாகக் கட்டி, ரிம்மின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் நூலில் இருந்து உள்ள தூரத்தை இரும்பு ஸ்கேலால் அளக்கிறேன். முன்சக்கரங்கள் பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர் வெளியே திரும்பியிருந்தால் மண்ணில் வண்டி வளைவுக்குள் தயங்காமல் நுழைகிறது. அளக்கும்போது தம்பி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருப்பான். அவன் எடையும் என் எடையும் ஏறக்குறைய ஒன்று. இந்த ஆண்டு அந்த வேலை இன்னும் பாக்கி இருக்கிறது; பின்பக்க இடது ஸ்ட்ரட்டின் மேல்மவுன்ட் வந்து சேர்ந்ததும் நூலைக் கட்ட வேண்டும்.