வீட்டில் யூரிக் அமிலம் அளக்கும் மீட்டர்: எதற்கு உதவும், எதற்கு உதவாது?

சர்க்கரை, கொழுப்பு, யூரிக் அமிலம் மூன்றையும் தனித்தனி ஸ்ட்ரிப்களால் அளக்கும் கையடக்க மீட்டர்கள் இப்போது மருந்துக் கடைகளில் எளிதாகக் கிடைக்கின்றன. அப்படிப்பட்ட ஒன்றை என் மாமனாருக்காக வாங்கி, அவருடைய கவுட் (யூரிக் அமிலம் மூட்டில் படிகமாகப் படிந்து வலியும் வீக்கமும் தரும் நோய்) சிகிச்சை நெடுகிலும் பயன்படுத்தி வருகிறோம். மாத்திரையின் அளவைச் சரிசெய்யும் மாதங்களில் இது மிகவும் உதவியாக இருந்தது. ஆனால், பெட்டியின் மேல் "கவுட்டை வீட்டிலேயே கண்டறியலாம்" என்று அச்சிட்டிருப்பது தவறு. அதை நம்பி வாங்குகிறவர்களுக்கு இந்தக் கருவி தீங்கு செய்யக்கூடும்.

மாமனாருக்கு நோய் வந்தது பலருக்கும் வருவதைப் போலத்தான். நள்ளிரவில் கால் பெருவிரலின் அடிமூட்டு திடீரென வலித்து, விடிவதற்குள் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே துடிக்கும் நிலைக்கு வந்துவிட்டது. அன்று ஆய்வகத்தில் எடுத்த யூரிக் அமில அளவு 6.4 மி.கி. மட்டுமே, அறிக்கையில் அது இயல்பான அளவுக்குள் இருந்தது. வலி உச்சத்தில் இருக்கும்போது இரத்தத்தில் இந்த அளவு தற்காலிகமாகக் குறைந்துவிடுவதுண்டு என்பதை அறிந்த மூட்டுவாத மருத்துவர், அந்த எண்ணோடு நின்றுவிடாமல் மூட்டிலிருந்து ஊசியால் சிறிது நீரை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முனைவாக்க ஒளி நுண்ணோக்கியில் ஊசி போன்ற யூரேட் (யூரிக் அமில உப்பு) படிகங்கள் தெரிந்தபோதுதான் கவுட் என்று உறுதியானது. வலி முழுவதும் அடங்கிய பிறகு எடுத்த இரத்தப் பரிசோதனையில் அளவு 8.9 ஆக இருந்தது. முதல் நாள் எங்கள் கையில் இந்த மீட்டர் மட்டுமே இருந்திருந்தால், கவுட் இல்லை என்றே முடிவுக்கு வந்திருப்போம்.

மறுபக்கமும் உண்டு. யூரிக் அமிலம் அதிகமாக இருந்தும் வாழ்நாள் முழுவதும் ஒரு மூட்டுகூட வீங்காதவர்கள் ஏராளம். அந்த எண்ணை மட்டும் வைத்து அவர்களுக்கு நோய்ப்பட்டம் கட்ட முடியாது. காய்ச்சலோடு ஒரு மூட்டு வீங்கினால் அது கிருமித் தொற்றாகவும் இருக்கலாம். அதில் ஒரு நாள் தாமதம்கூட மூட்டையே கெடுத்துவிடலாம் என்பதால், அந்த நேரத்தில் மீட்டரைத் தேடாமல் மருத்துவமனைக்குப் போவதே சரி.

கருவியைக் கையாள்வது கடினமில்லை. விரல் நுனியின் பக்கவாட்டில் குத்தி, வரும் துளியை ஸ்ட்ரிப்பின் ஓரத்தில் தொட்டால் அதுவே உறிஞ்சிக்கொள்கிறது. அரை நிமிடத்துக்குள் எண் தெரிகிறது. கையைக் கழுவியபின் விரல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்; ஈரம் கலந்தால் இரத்தம் நீர்த்து அளவு குறைவாகக் காட்டும். சர்க்கரைக்கும் யூரிக் அமிலத்துக்கும் மீட்டரில் செருக வேறு வேறு கோடு (code) சிப்கள் உள்ளன. ஸ்ட்ரிப்பும் சிப்பும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்வது நல்லது. கடலோர ஊர்களின் புழுக்கத்தில் ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து வைத்தால் ஸ்ட்ரிப்கள் விரைவில் கெட்டுவிடும். ஆய்வகத்தில் இரத்தம் கொடுக்கும் அதே காலையில் வீட்டிலும் அளந்து ஒப்பிட்டுப் பார்த்தோம். பெரும்பாலும் அரை மி.கி. வரை வித்தியாசம் இருந்தது. இரத்தசோகை உள்ளவர்களுக்கும் வைட்டமின் சி மாத்திரைகளை அதிகம் எடுப்பவர்களுக்கும் இந்த வித்தியாசம் கூடலாம். ஆகவே மாத்திரையின் அளவை மாற்றும் முடிவை ஆய்வக அறிக்கையைப் பார்த்து மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

இதன் உண்மையான பயன் சிகிச்சை தொடங்கிய பிறகு தெரிகிறது. இரத்தத்தில் யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு சுமார் 6.8 மி.கி. அளவைத் தாண்டும்போது படிகங்கள் உருவாகத் தொடங்குகின்றன. அதை 6-க்குக் கீழே தொடர்ந்து வைத்திருந்தால் படிந்தவையும் மெல்லக் கரைகின்றன. இதற்காக மாமனாருக்கு யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபூரினால் மாத்திரையை 100 மி.கி. அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினார்கள். படிகங்கள் கரையும் இந்த முதல் சில மாதங்களில் வலி மீண்டும் மீண்டும் வரக்கூடும் என்பதால், 3 முதல் 6 மாதங்கள் வரை அந்த வலியைத் தடுக்கும் கோல்ச்சிசின் மருந்தையும் குறைந்த அளவில் சேர்த்துத் தருவது வழக்கம். (இந்தக் கோல்ச்சிசின் நம் மாநில மலரான செங்காந்தளின் விதையிலிருந்தும் எடுக்கப்படுகிறது, தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் அந்தக் கொடியைப் பயிரிடுவது இதற்காகத்தான். கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு என்பதால் கைமருந்தாக அவற்றைத் தொடவே கூடாது.) மருந்து எடுத்தும் வலி வருகிறதே என்று பலர் அலோபூரினாலை நிறுத்திவிடுவது இந்தக் கட்டத்தில்தான். மாமனாருக்கும் அந்த எண்ணம் வந்தது. மீட்டரில் 8.3, 7.1, 6.2 என்று எண் இறங்கிவருவதை அவரே கண்ணால் பார்த்ததால்தான் மாத்திரையை விடாமல் தொடர்ந்தார். வேறு எந்தப் பேச்சும் அவரை இவ்வளவு நம்ப வைத்திருக்காது என்று நினைக்கிறேன். அலோபூரினால் தொடங்கிய வாரங்களில் தோலில் தடிப்பு வந்தால் மட்டும் அடுத்த மாத்திரையை எடுக்காமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

உணவு விஷயத்திலும் மீட்டர் எங்களுக்கு ஒரு தெளிவைத் தந்தது. உறவினர்கள் சொன்னார்கள் என்று பருப்பு, கீரை, தக்காளி எல்லாவற்றையும் விட்டிருந்த மாமனார், அவற்றை மீண்டும் அளவாகச் சாப்பிடத் தொடங்கிய பிறகும் எண் கூடவில்லை. ஈரல், நெத்திலி, மத்தி, பீர், சர்க்கரை சேர்த்த பானங்கள் ஆகியவைதான் கவனிக்க வேண்டியவை. அவற்றைக் குறைப்பதால் பொதுவாக ஒரு மி.கி. அளவுக்கே இறக்கம் கிடைக்கும். பத்தியம் மட்டும் மருந்தின் இடத்தை நிரப்பாது. இரத்த அழுத்தத்துக்குத் தயாசைடு வகை மாத்திரை (சிறுநீரைக் கூட்டும் மருந்து) எடுப்பவர்கள், அது யூரிக் அமிலத்தைக் கூட்டக்கூடும் என்பதால், அதைப் பற்றியும் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

எனக்குள்ள பெரிய குறை ஸ்ட்ரிப்பின் விலை. சர்க்கரை ஸ்ட்ரிப்பைவிடப் பல மடங்கு விலை வைத்து, 25 கொண்ட டப்பாவாக விற்கிறார்கள். திறந்த 3 மாதத்துக்குள் தீர்க்கச் சொல்கிறார்கள். யூரிக் அமிலத்தை மாதம் இரண்டு முறைக்கு மேல் அளக்கத் தேவையில்லை என்பதால் பாதிக்கு மேல் வீணாகிறது. கவுட் உள்ளவர்கள் ஒரே குடும்பத்தில் இருவர் இருந்தால் அல்லது ஆய்வகம் தொலைவில் இருந்தால் வாங்கலாம். மற்றவர்களுக்கு ஆய்வகப் பரிசோதனையே மலிவு. 10 ஸ்ட்ரிப் கொண்ட சிறு டப்பா வந்தால் இந்தக் கணக்கு மாறும்.