ஆர்க்டிக்கா, அண்டார்க்டிக்கா: நஞ்சைச் சுமக்கும் துகள்கள்

டிடிடி (பூச்சிக்கொல்லி), பிசிபி (மின்கருவிகளில் பயன்பட்ட தொழிற்சாலை வேதிப்பொருள்) போன்ற நஞ்சுகள் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. கடலில் மிதக்கும் வண்டலோ பாசித் துணுக்கோ எது கிடைத்தாலும் ஒட்டிக்கொள்ளும். இரண்டு துருவங்களிலும் இதே கதைதான். அந்தத் துகள் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் வித்தியாசம்.

ஆர்க்டிக்கில் ஆறுகள். உலகக் கடல்நீரில் சுமார் 1 சதவீதமே உள்ள அந்தக் கடலில், உலக ஆற்றுநீரில் ஏறத்தாழ 11 சதவீதம் கலக்கிறது. ஓப், யெனிசெய், லேனா, கனடாவின் மெக்கன்சி எல்லாம் சேற்றோடு பாதரசத்தையும் இழுத்து வருகின்றன. வண்டலில் பெரும்பகுதி கரையோரமே படிந்துவிடும். சரி, அதோடு முடிந்ததா? இல்லை. சைபீரியாவை ஒட்டிய ஆழமற்ற கடல் உறையும்போது, கலங்கிய சேறும் பனிக்கட்டிக்குள் சிக்கிக்கொள்கிறது. அந்த அழுக்குப் பனி துருவப் பகுதியைக் கடந்து, கிரீன்லாந்துக்கும் ஸ்வால்பார்டுக்கும் இடையிலுள்ள ஃபிராம் நீரிணை வரை மிதந்து போகும்; அங்கே உருகிச் சுமையை இறக்கும். கூலி வாங்காத சரக்குக் கப்பல்!

அண்டார்க்டிக்காவில் பெரிய ஆறே கிடையாது. நஞ்சு பெரும்பாலும் காற்றில் வருகிறது. அப்புறம் டயாட்டம் பாசியிலும், கிரில் என்ற இறால் போன்ற சிற்றுயிரின் கழிவிலும் ஒட்டி ஆழத்துக்கு இறங்குகிறது. மக்மர்டோ ஆய்வு நிலையத்தை ஒட்டிய விரிகுடாவின் அடிவண்டலில் உள்ள பிசிபி மட்டும் உள்ளூர்க் குப்பையின் வேலை.

சுமை ஆர்க்டிக்கில்தான் அதிகம். ஆனாலும் எனக்கு உறுத்துவது தெற்குதான்: 1960களிலேயே அடேலி பென்குயின்களின் உடலில் டிடிடி இருந்தது. அன்று பனியாறுகளில் உறைந்தது, இன்று உருகும் நீரோடு மறுபடி கடலுக்கு வருகிறது.